பொன்னாடை கணக்கை முடித்துவிடாது

கொச்சித் துறைமுகத்தில் எண்ணப்படாத சரக்கு இல்லை. 1920 ஏப்ரலில் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கடலின் முகவாயிலில் கிடந்த மணல்திட்டை வெட்டி வழி திறந்தார். 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தூர்வாரிய மண்ணை வேம்பநாட்டுக் காயலில் கொட்டி, வெண்டுருத்தியை ஒட்டி நிலம் நிரப்பி, வெலிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. அன்றுமுதல் அத்தீவில் அனைத்துக்கும் கணக்கு உண்டு. கப்பல் நின்ற மணிநேரத்துக்கும், இறங்கிய மூட்டைக்கும், கிடங்கில் சரக்கு கிடந்த நாளுக்கும் பதிவேடு உண்டு. சுமந்த மனிதனின் உழைப்புக்கு மட்டும் நெடுங்காலம் முறையான கணக்கு இருக்கவில்லை. காலையில் கங்காணியின் ஆள் ‘சாப்பா’ எனப்படும் உலோக வில்லைகளைக் கூட்டத்தை நோக்கி எறிவான். முட்டி மோதி அதைப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை, கிடைக்காதவனுக்குப் பட்டினி. அந்த முறையை ஒழிக்கக் கோரி இரண்டு மாதங்களுக்கு மேல் நடந்த போராட்டத்தின் முடிவில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் நிகழ்ந்த போலீஸ் நடவடிக்கையில் சைது, செய்தலவி, அந்தோணி ஆகிய மூவர் உயிரிழந்தனர்.

அப்போராட்டத்தின் பாடம் எளியது. தரப்படும்போது வேலை, மறுக்கப்படும்போது மௌனம் என்ற ஏற்பாட்டில் உழைப்பவருக்கு உரிமை இல்லை. தயவு மட்டுமே உண்டு. துறைமுகம் அந்தப் பாடத்தைக் குருதி சிந்திக் கற்றுக்கொண்டது. அத்தீவிலும் அதன் இரு கரைகளிலும் உள்ள கிறிஸ்தவப் பங்குகளில், பல பத்தாண்டுகளாகத் தொண்டாற்றும் பொதுநிலையினரைப் பொறுத்தவரை திருச்சபை அந்தப் பாடத்தை இன்னும் கற்கவில்லை.

ஒரு பங்கு எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்போருக்கு இது விளங்கும். விடியற்காலைத் திருப்பலிக்கு முன் கதவு திறப்பவர் ஒருவர். பீடத் துணிகளைத் துவைத்து மடித்து வைப்பவர் மற்றொருவர். ஞாயிறுதோறும் முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி போதிப்போர், அவ்வகுப்புகளுக்குத் தேர்வு நடத்தித் தாள் திருத்துவோர், பாடகர் குழுவைப் பயிற்றுவிப்போர், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்வோர், அன்பியக் கூட்டங்களுக்கு வீடு வீடாக அழைப்புச் சொல்வோர், வின்சென்ட் தே பவுல் சபையின் பெயரால் வறிய குடும்பங்களின் வாடகையையும் மருந்துச் செலவையும் விசாரிப்போர், மரியாயின் சேனையில் மருத்துவமனைப் படுக்கைகளைச் சுற்றி வருவோர், திருவிழாவுக்குக் கொடியேற்றம் முதல் பாத்திரம் கழுவுவது வரை பார்ப்போர், இறந்தவரின் வீட்டுக்கு முதலில் சென்று கடைசியில் திரும்புவோர் என்று பட்டியல் நீளும். இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். இவர்களில் எவருக்கும் ஊதியம் இல்லை. பேருந்துக் கட்டணம்கூட இல்லை. இருபது, முப்பது ஆண்டுகள் இவ்வாறு பணியாற்றியோர் ஒவ்வொரு பங்கிலும் உண்டு.

வெலிங்டன் தீவு போன்ற இடத்தில் இந்த உழைப்பின் எடை இன்னும் கூடுதல். அது குடியிருப்புகளாலும் இடமாற்றங்களாலும் ஆன நிலம். துறைமுக ஊழியர் ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்கிறார். கடற்படையினருக்கும் சுங்கத்துறையினருக்கும் சில ஆண்டுகளில் வேறு ஊர். 2011 பிப்ரவரியில் வல்லார்பாடத்தில் சரக்குப் பெட்டக முனையம் தொடங்கியபின் பெட்டகப் போக்குவரத்தும் தீவை விட்டு நகர்ந்தது. அருகிலுள்ள வாத்துருத்தியில் பல பத்தாண்டுகளாக ஒற்றை அறை வாடகை வீடுகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர்க்கோ இடமும் நிலையற்றது, வேலையும் நிலையற்றது. பங்குத்தந்தையும் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றப்படுகிறார். எந்த வீட்டில் யார் நோயாளி, எந்தக் குடும்பம் எந்தக் கடனில் மூழ்கியது, எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தியது என்ற நினைவு முழுவதும் நீண்டகாலத் தொண்டர்களிடம் தங்கியிருக்கிறது. வந்துபோவோரிடம் அதிகாரமும் நிலைத்திருப்போரிடம் உழைப்பும் பிரிந்து கிடக்கின்றன. புதிய பங்குத்தந்தை வந்த ஒரே வாரத்தில், இருபது ஆண்டுகள் நடந்துவந்த ஒரு குழு ஒற்றை அறிவிப்பில் கலைக்கப்படலாம். காரணம் கேட்பதற்கு மன்றம் இல்லை.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது ஒரு பொன்னாடை. வெள்ளிவிழா ஆண்டில் மேடைக்கு அழைத்து, தோளில் ஒரு சால்வையைப் போட்டு, கையில் ஒரு நினைவுப்பரிசைக் கொடுத்து, நிழற்படம் எடுத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது என்று கருதப்படுகிறது. அடுத்த ஞாயிறு அதே தொண்டர் அதே கதவைத் திறக்கிறார். பங்கின் நிதியறிக்கையைக் காண அவருக்கு வாய்ப்பில்லை. மண்டபம் இடிப்பதா, கட்டுவதா என்ற முடிவில் அவர் குரலுக்கு மதிப்பில்லை. அவர் வாய் திறந்து கேட்டால் ‘தாழ்ச்சி இல்லை’ என்ற பழி வருகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு இறையியல் போர்வை ஒன்று எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. வலக்கை செய்வதை இடக்கை அறியக்கூடாது என்ற நற்செய்திப் போதனை மேடைதோறும் எடுத்தாளப்படுகிறது. அப்போதனை யாரை நோக்கியது என்பதை ஒருவரும் கேட்பதில்லை. அது கொடுப்பவருக்குச் சொல்லப்பட்டது. தன் ஈகையைத் தம்பட்டம் அடிக்காதே என்று கொடுப்பவரை அது எச்சரிக்கிறது. பெறுபவருக்கு அது எந்தச் சலுகையும் வழங்கவில்லை. பெற்றுக்கொண்ட நிறுவனம் தான் பெற்றதை மறந்துவிடலாம் என்றோ, கணக்கு வைக்கத் தேவையில்லை என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. கொடுப்பவரின் அடக்கத்தைப் பெறுபவரின் வசதியாக மாற்றியது பிரசங்க மேடையின் சாமர்த்தியம்.

‘எப்போதும் இப்படித்தான் இருந்தது’ என்பது இரண்டாவது போர்வை. வரலாறு இதை மறுக்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவரும், கொச்சியிலிருந்து பல கடிதங்களை எழுதியவருமான பிரான்சிஸ் சவேரியார், தாம் இல்லாத ஊர்களில் செபம் கற்பிக்கவும் பிறந்த குழந்தைக்கு ஆபத்து நேரத்தில் திருமுழுக்குக் கொடுக்கவும் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். அவர்களுக்கு ஊதியம் வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. அத்துறையிலிருந்து போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஆண்டுக்கு 4,000 பணம், அவருடைய வேண்டுகோளால் இந்தக் கற்பிப்போருக்குத் திருப்பிவிடப்பட்டது. காலனியப் பேரரசின் நிழலில் நடந்த ஏற்பாடு அது. அதைப் பொற்காலமாகக் கொண்டாட வேண்டியதில்லை. ஆயினும் மறைக்கல்வி போதிப்பவர் உண்ண வேண்டும், அதற்குப் பொறுப்பு அனுப்பியவருடையது என்ற எளிய உண்மை பதினாறாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது.

குரல் உரிமையைப் பொறுத்தவரை கேரளத்தின் வரலாறு இன்னும் தெளிவானது. தோமையார் கிறிஸ்தவரிடையே ‘பள்ளியோகம்’ என்னும் ஊர்ச்சபை தேவாலயத்தின் உடைமையையும் வரவுசெலவையும் மேற்பார்த்தது. ஒருவர் குருவாக வேண்டுமானால் அவரது ஊர்ச்சபையின் ஒப்புதல் ஓலையான ‘தேசக்குறி’ தேவைப்பட்டது. 1599 ஜூனில் கோவா பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கத்தில் 153 குருக்களும் 660 பொதுநிலைப் பிரதிநிதிகளும் கலந்துகொண்டதாக வரலாறு பதிவு செய்கிறது. அச்சங்கம் உள்ளூர் மரபின்மீது இலத்தீன் ஒழுங்கைத் திணித்தது. அது வேறு விவாதம். திணிப்பதற்கும்கூடப் பொதுநிலையினரைக் குருக்களைவிட நான்கு மடங்கு எண்ணிக்கையில் அழைக்க வேண்டியிருந்தது என்பதே கவனத்துக்குரியது. 54 ஆண்டுகளுக்குப் பின், 1653 ஜனவரி 3 அன்று, இன்றைய வெலிங்டன் தீவுக்கு எதிர்க்கரையான மட்டாஞ்சேரியில் மக்கள் திரண்டு கூனன் குரிசு சத்தியம் செய்தனர். சிலுவையைத் தொட முடியாத தொலைவில் நின்றோர் அதில் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு சத்தியம் செய்ததாக மரபு கூறுகிறது. கயிற்றைப் பற்றியவர்கள் வெறும் தொண்டர்களாக நடத்தப்படுவதை ஏற்றிருந்தால் அந்த நாள் நிகழ்ந்திருக்காது.

பள்ளியோகத்தைக் குறையற்ற குடியாட்சி என்று கொள்ள இயலாது. அது குடும்பத் தலைவர்களின், அதாவது ஆண்களின் சபை; சாதி மதிப்பையும் சொத்து மதிப்பையும் சுமந்த சபை. இன்று அதன் தொடர்ச்சியாக விளங்கும் பொதுயோகங்களிலும் பிரதிநிதியோகங்களிலும் இடம் பெறுவதற்கு நீண்டகால உழைப்பு ஒரு தகுதியாகக் கருதப்படுவதில்லை. எனவே பழையதை அப்படியே மீட்பது தீர்வாகாது. பொதுநிலையினரின் அதிகாரம் மேற்கத்திய இறக்குமதி என்ற வாதத்தை மட்டும் அது முற்றாக உடைத்துவிடுகிறது.

திருச்சபையின் சட்டம் என்ன சொல்கிறது? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 231ஆம் எண், திருச்சபையின் சிறப்புப் பணிக்குத் தம்மை நிலையாகவோ குறிப்பிட்ட காலத்துக்கோ ஒப்படைக்கும் பொதுநிலையினருக்குத் தகுந்த ஊதியமும், சமூகப் பாதுகாப்பும், மருத்துவ உதவியும் பெறும் உரிமை உண்டு என்கிறது. வாசகர், பீடத்துணைவர் பணிகள் தாமே ஊதிய உரிமையைத் தருவதில்லை என்று 230ஆம் எண் விலக்களிப்பதும் உண்மை. அந்த விலக்கின் குடைக்குள் எல்லாத் தொண்டர்களையும் ஒதுக்கிவிடுவது சட்டத்தைப் பாதி படிக்கும் பழக்கம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது 537ஆம் எண். மக்கள் அளித்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சமர்ப்பிக்க வேண்டும் என்கிறது 1287ஆம் எண். திருச்சபையின் நன்மை குறித்துத் தம் கருத்தை மேய்ப்பருக்குத் தெரிவிப்பது மக்களின் உரிமை மட்டுமன்றி, சில வேளைகளில் கடமையும் ஆகும் என்கிறது 212ஆம் எண். பங்குப் பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே என்கிறது 536ஆம் எண். மேடைகளில் விடாமல் நினைவூட்டப்படுவது இந்தக் கடைசி எண் ஒன்றே.

அந்தக் கடைசி எண்ணும் இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. 2024 அக்டோபரில் உரோமையில் நிறைவடைந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம், ‘ஆலோசனை வாக்கு மட்டும்’ என்ற சட்டச் சொல்லாடல் மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும் என்று கூறியது. வெளிப்படைத்தன்மையையும் பொறுப்புக்கூறலையும் பங்கு மட்டம் வரை வலியுறுத்தியது. திருத்தந்தை பிரான்சிஸ் அதை ஏற்று வெளியிட்டார். அதற்கு முன்பே 2021 ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் பணிகள் பெண்களுக்குச் சட்டப்படி திறந்துவிடப்பட்டன. அதே ஆண்டு மே மாதம் மறைக்கல்வியாளர் பணி தனித் திருப்பணியாக நிறுவப்பட்டது. ஞாயிறுதோறும் பிள்ளைகளின் முன் நிற்கும் பெண்களில் எத்தனை பேருக்கு இது அறிவிக்கப்பட்டது?

‘காசு நுழைந்தால் தொண்டு செத்துவிடும்’ என்ற மறுப்பு மட்டும் மரியாதைக்குரியது; அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தின்போது கேரளக் கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாடு சென்று ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினர். மாநில அரசு படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் அறிவித்தது. ஃபோர்ட் கொச்சியைச் சேர்ந்த ஒரு மீனவ இளைஞர், உடன்பிறப்புகளைக் காத்ததற்குக் கூலி என்பது மனத்தைப் புண்படுத்துகிறது என்று காணொளியில் கூறியது கேரளமெங்கும் பரவியது. சேதமடைந்த படகுகளை அரசு பழுதுபார்க்கும் என்ற அறிவிப்பை அவர் வரவேற்கவே செய்தார்.

கூலி வேறு, செலவு வேறு என்பதை அந்த இளைஞர் பேராசிரியர் எவரையும்விடத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அன்புக்கு விலை வேண்டாம். உடைந்த படகுக்குப் பொறுப்பு வேண்டும். பங்குத் தொண்டரின் படகு எது? அவருடைய பயணச் செலவு, பணிக்காகத் தாமே வாங்கிய புத்தகம், இழந்த நாள்கூலி, இரவுப் பணியில் நேர்ந்த விபத்து, முதுமையில் கைவிடும் உடல் ஆகியவை அவர் படகு. இவற்றுக்கு ஈடு செய்வதால் எந்தத் தொண்டும் கறைபடுவதில்லை. கூலி வேண்டாம் என்ற மறுப்புக்கும் ஒரு நிபந்தனை உண்டு. தருவதாகச் சொன்னால்தான் மறுக்க இயலும். ஒருபோதும் கேட்கப்படாதவரின் மௌனத்தைத் தியாகம் என்று பெயரிடுவது நேர்மையன்று.

‘எங்கள் பங்கு ஏழைப் பங்கு’ என்போரும் உண்டு. பல பங்குகளைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் நிதியறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு தாள் போதும். குழுவைக் கலைக்குமுன் காரணத்தை எழுதித் தர இன்னொரு தாள் போதும். ஏழ்மை ஊதியத்துக்குத் தடையாகலாம். கணக்குச் சொல்வதற்குத் தடையாகாது. ‘அரசு தலையிடும்’ என்ற அச்சமும் எழுப்பப்படுகிறது. 2009இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான சட்டச் சீர்திருத்த ஆணையமும், 2019இல் நீதிபதி கே. டி. தாமஸ் தலைமையிலான ஆணையமும் தேவாலய உடைமைகள் குறித்த வரைவுகளை முன்வைத்தன. ஆயர்களின் கடும் எதிர்ப்புக்குப்பின் இரண்டும் சட்டமாகவில்லை. அரசின் கை நீளக்கூடாது என்பது நியாயமான கவலை. சிறுபான்மையினர் அஞ்சுவதற்கு இன்றைய இந்தியாவில் காரணங்கள் உண்டு. அப்படியானால் உள்ளிருந்தே கணக்குக் கேட்கும் வழியைத் திறந்துவைப்பதே அரசைத் தள்ளிவைக்கும் உறுதியான வேலி. உள்வழியையும் அடைத்து வெளிவழியையும் எதிர்ப்பது கணக்கையே எதிர்ப்பதாகும்.

துறவியரோடு ஒப்பிட்டுப் பேசுவோர் ஒரு வேறுபாட்டைக் காண மறுக்கின்றனர். அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றும் அருட்சகோதரிகள், குருக்கள் ஆகியோரின் ஊதியத்தில் வருமான வரி பிடித்தம் செய்யலாம் என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்தது. ஏழ்மை வார்த்தைப்பாட்டால் அந்த ஊதியம் சபைக்கே சேர்கிறது என்ற வாதம் ஏற்கப்படவில்லை. அத்தீர்ப்பு சரியா தவறா என்பது ஒருபுறமிருக்க, அவ்வழக்கு ஓர் உண்மையை வெளிச்சமிட்டது. துறவி தன் ஊதியத்தைச் சபைக்குக் கொடுக்கிறார். சபை அவருக்கு உணவும் உறைவிடமும் மருத்துவமும் முதுமைப் பராமரிப்பும் இறுதியில் ஒரு கல்லறையும் தருகிறது. அங்கே கொடுத்தலும் பெறுதலும் எழுதப்பட்ட சட்டத்தால் இணைந்திருக்கின்றன. பொதுநிலைத் தொண்டர் துறவியைப் போல் கொடுக்குமாறு கேட்கப்படுகிறார். ஆனால் அந்நியரைப் போல் விடப்படுகிறார். வார்த்தைப்பாடு இல்லாதவரிடம் வார்த்தைப்பாட்டின் சுமையை மட்டும் ஏற்றுவது எந்த இறையியலில் நியாயம்?

இதில் கல்விப்புலத்தின் பங்கும் சிறிதன்று. தென்னிந்தியக் கிறிஸ்தவம் பற்றிய ஆய்வுகள் மதமாற்றம், சாதி, மிஷனரி அச்சகம், சொத்து வழக்கு, சபைப் பிளவு ஆகியவற்றைச் சுற்றியே குவிந்திருக்கின்றன. பங்குக் காப்பகங்களில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் கிடைக்கின்றன. பணியாற்றிய பங்குத்தந்தையரின் பெயர்கள் சலவைக்கல்லில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முப்பது ஆண்டு மறைக்கல்வி போதித்தவரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆவணம் இல்லை என்பதால் ஆய்வு இல்லை. ஆய்வு இல்லை என்பதால் அவர் இருந்ததே இல்லை என்றாகிறது. அவ்வப்போது எழுதப்படும் கட்டுரைகளோ அவரை ‘சமூக மூலதனம்’ என்ற சொல்லுக்குள் கரைத்துவிடுகின்றன. மூலதனம் என்றால் உடைமையாளர் யார் என்ற வினாவை அக்கட்டுரைகள் எழுப்புவதில்லை. உழைப்புப் புள்ளியியலாளர்களின் பன்னாட்டு மாநாடு 2013இல் ஊதியமற்ற தன்னார்வப் பணியை உழைப்பின் ஒரு வடிவமாக வரையறுத்தது. 2019ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அதற்கெனத் தனி வகைப்பாட்டை வைத்தது. அரசின் கணக்கெடுப்பாளர் கேட்கத் தொடங்கிவிட்ட கேள்வியை ஆய்வு மாணவர் கேட்கத் தயங்குவது வியப்புக்குரியது.

கோரிக்கைகள் பெரியவை அல்ல. ஒன்று, ஒவ்வொரு பங்கிலும் தொண்டர் பதிவேடு வேண்டும்: யார், எந்தப் பணி, எந்த ஆண்டிலிருந்து, வாரத்துக்கு எத்தனை மணி. இரண்டு, பணியின்பொருட்டு ஏற்படும் செலவுக்கு ஈடும், பணியின்போது நேரும் விபத்துக்குக் காப்பீடும் வேண்டும். முழுநேரப் பணியாளருக்கு 231ஆம் எண்படி ஊதியம் வேண்டும். மூன்று, பங்கின் ஆண்டு வரவுசெலவு அனைவரும் படிக்கும்படி ஒட்டப்பட வேண்டும். நான்கு, நிதிக்குழுவிலும் பங்குப் பேரவையிலும் நீண்டகாலத் தொண்டர்கள் தம்முள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இடம் வேண்டும். அவ்விடங்களில் பெண்களின் விகிதம் பணியில் அவர்களுக்குள்ள விகிதத்துக்குக் குறையக்கூடாது. ஐந்து, ஒரு குழுவைக் கலைக்கவோ ஒருவரை விலக்கவோ நேர்ந்தால் எழுத்தில் காரணமும், மேல்முறையீட்டுக்கு மறைமாவட்ட மட்டத்தில் ஒரு மன்றமும் வேண்டும். இவற்றுள் எதற்கும் திருச்சபைச் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. ஒரு மறைமாவட்டத்தின் சுற்றறிக்கை போதும்.

ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த விடுமுறையில் சொந்த ஊர்ப் பங்கில் மூன்று மூத்த தொண்டர்களைச் சந்தித்து, எந்த ஆண்டில் தொடங்கினார்கள், என்ன செய்தார்கள், எந்த முடிவில் ஒருமுறையாவது கலந்தாலோசிக்கப்பட்டார்கள் என்று கேட்டு எழுதி வைக்கலாம். முதல் இரண்டு கேள்விகளுக்குப் பக்கக்கணக்கில் விடை கிடைக்கும். மூன்றாவது கேள்விக்கு எத்தனை வரி கிடைக்கிறது என்று பார்த்தபின், பொன்னாடை போதுமா என்ற விவாதத்தைத் தொடரலாம்.